பழைய வீடியோ கேம் போர்டும் பீரோவில் இருக்கும் இசிஜியும்

இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

சுகர், பிரஷர் பத்தி இல்லை. படுத்துவிட்ட ஒரு பழைய வீடியோ கேம் போர்டுக்கு நாடி பிடித்துப் பார்ப்பது எப்படி என்று எழுதப்போகிறேன். ஆனால் கடைசியில் உங்கள் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருக்கும் ஒரு காகிதத்தில்தான் வந்து நிற்கும்.

1.
90களில் வளர்ந்தவர்களுக்கு 'முஸ்தபா கேம்' ஞாபகம் இருக்கும். காப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. நமக்கு அந்தப் பேர் எல்லாம் வாயில் நுழையாது. மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபாதான் நமக்கு கேமின் பேரே. டியூஷனுக்குக் கொடுத்த சில்லறை எல்லாம் அந்த மரப்பெட்டிக்குள்தான் போனது.

அந்தப் பெட்டிகளுக்குள் படுக்கை வசத்தில் ஒரு பெரிய போர்டு இருக்கும். அதில் வரிசை வரிசையாக ஐசி. அதுதான் கேம். டிவி, பட்டன், ஜாய்ஸ்டிக் எல்லாம் வெறும் கைகால்.

2.
எனக்கு காலேஜ் காலத்திலிருந்தே சால்ட்ரிங் பைத்தியம் உண்டு. க்ளினிக் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் அதில் உட்காருவேன். இது தெரிந்து பேஷண்ட்டுகள் ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் கொண்டு வருவார்கள்.

ஒருமுறை வந்தது ஒரு மேசை.

எங்க புதுச்சேரியில் 'சொல்தா' குடும்பங்கள் என்று சொல்வோம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். அப்படி ஒரு பெரியவர், என் பேஷண்ட். அவர் மனைவி பிரான்சில் ஒரு காபிக் கடையில் வேலை செய்தார். அங்கே கண்ணாடி மேசைக்குள்ளேயே வீடியோ கேம் இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே ஆடலாம். கடையை மூடியபோது அதை விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

அம்மா இப்போது இல்லை. மேசை இருக்கிறது. ஆன் செய்தால் திரை முழுக்க சிதறின எழுத்தும் கட்டமும்தான்.

(அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

3.
எனக்கு முன்னால் ரெண்டு பேர் கை வைத்திருந்தார்கள். "ப்ராசஸர் போயிடுச்சு" என்று ஒருவர் மாற்றியிருக்கிறார். "ரேம் போயிடுச்சு" என்று இன்னொருவர் நாலைந்து ஐசியைப் பிடுங்கி மாற்றியிருக்கிறார். சரியாகவில்லை.

மூன்றாவதாக ஒருவர் சொன்ன யோசனை: "இதைத் தூக்கிப் போட்டுட்டு, ஒரே போர்டில் அறுபது கேம் வர்றது கிடைக்குது, அதை உள்ளே வச்சிடலாம்."

பெரியவருக்கு மனசு வரவில்லை. "அப்புறம் அது எங்க மேசை இல்லையே, டாக்டர் தம்பி. மேசைக்குள்ள வேற யாரோ உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும்."

4.
சந்தேகத்தில் ஐசி மாற்றுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். 40 வருஷப் பழைய போர்டில் ஒரு ஐசியைப் பிடுங்குவது சும்மா இல்லை. ஒவ்வொரு தடவை சூடு காட்டும்போதும் அடியில் இருக்கும் மெல்லிய செம்புத் தடம் உரிந்து வரலாம். அதாவது, இருந்த நோய் ஒன்று. வைத்தியத்தில் வந்த நோய் ரெண்டு. இந்தப் போர்டில் ஏற்கெனவே ஒரு தடம் அறுந்துதான் கிடந்தது.

பிடுங்குவதற்கு முன்னால் எங்கே கோளாறு என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு அருமையான பழைய வித்தை இருக்கிறது. பெயர் சிக்னேச்சர் அனாலிசிஸ்.

5.
1977-ல் ஹ்யூலெட் பேக்கர்ட் நிறுவனம் 5004ஏ என்று ஒரு கருவியை வெளியிட்டது. அப்போதுதான் மைக்ரோப்ராசஸர்கள் எல்லா இயந்திரத்துக்குள்ளும் நுழைந்த நேரம். பழைய ரேடியோவில் ஒரு புள்ளியில் மீட்டரை வைத்தால் "இங்கே 9 வோல்ட் வரணும்" என்று படத்தில் போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிஜிட்டல் போர்டில் அது நடக்காது. எந்தக் காலைத் தொட்டாலும் 0, 1, 0, 0, 1 என்று நொடிக்கு லட்சக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே வேலி மாதிரி தெரியும். நல்ல வேலி எது, கெட்ட வேலி எது?

அந்த நீளமான 0-1 ஓட்டம் முழுவதையும் நாலே எழுத்தில் சுருக்கிக் காட்டியது இந்தக் கருவி. அந்த நாலெழுத்துதான் சிக்னேச்சர். கையெழுத்து.

6.
எப்படிச் சுருக்குகிறது? ஒரு பந்தியைக் கற்பனை பண்ணிக்கோங்க.

16 பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் 0 அல்லது 1 எழுதிய ஒரு சீட்டு. ஒரு தாளம் தட்டினால் எல்லாரும் தன் சீட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். முதல் ஆளுக்குப் புதுச் சீட்டு வேண்டுமே? போர்டிலிருந்து வரும் 0 அல்லது 1-ஐ எடுத்து, 7, 9, 12, 16-ஆம் ஆட்களின் கையில் இருந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். மொத்தம் எத்தனை 1? ஒற்றைப்படை என்றால் புதுச் சீட்டு 1. இரட்டைப்படை என்றால் 0.

அவ்வளவுதான். இப்படியே ஆயிரக்கணக்கான தாளம் தட்டி, நிறுத்து என்றதும் 16 பேர் கையில் இருப்பதைப் படித்தால் அதுதான் கையெழுத்து. நாலு நாலு பேராகச் சேர்த்தால் நாலு எழுத்து.

7.
ஒரு சின்ன ரசனை. வழக்கமான பதினாறடிமான எண்ணில் 0 முதல் 9, அப்புறம் ஏ, பி, சி, டி, இ, எஃப் வரும். இதில் அப்படி இல்லை. 0 முதல் 9, அப்புறம் ஏ, சி, எஃப், ஹெச், பி, யு. கால்குலேட்டர் மாதிரி ஏழு கோட்டுத் திரையில் சின்ன 'பி' எழுதினால் 6 மாதிரியே தெரியும். அந்தக் குழப்பம் வரக்கூடாது என்று குழப்பாத எழுத்துகளாகப் பொறுக்கியிருக்கிறார்கள். டாக்டர் கையெழுத்தைப் பற்றி இங்கே யாரும் கமெண்ட் போடக்கூடாது.

8.
இந்த நாலெழுத்தை எவ்வளவு நம்பலாம்? ஓட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் 0-க்குப் பதில் 1 வந்திருந்தால் கையெழுத்து கட்டாயம் மாறும். கண்டபடி பல இடத்தில் தப்பு இருந்து, அதிர்ஷ்டவசமாகச் சரியான கையெழுத்தே வந்துவிடும் வாய்ப்பு 65,536-ல் ஒன்று. நான் தினமும் நம்பிக்கொண்டிருக்கிற பல லேப் டெஸ்ட்டுகள் இந்தப் பக்கம்கூட வர முடியாது.

9.
ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, ஒரே தாளத்தில் எண்ணி, ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். அதனால் கருவிக்கு நாலு கம்பி: ஸ்டார்ட், ஸ்டாப், க்ளாக், டேட்டா. முதல் மூன்றில் ஒன்று மாறினாலும் நல்ல போர்டே கெட்ட போர்டாகத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்து ஃபாஸ்டிங் சுகர் கொடுப்பவர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

10.
இன்னொரு சிக்கல். ப்ராசஸர் கேட்கிறது, மெமரி பதில் தருகிறது, அந்தப் பதிலை வைத்து ப்ராசஸர் அடுத்ததைக் கேட்கிறது. இது ஒரு வட்டம். வட்டத்தில் ஓரிடத்தில் தப்பு நுழைந்தால் அது சுற்றி வந்து எல்லா இடத்தையும் கெடுத்துவிடும். எங்கே தொட்டாலும் தப்புக் கையெழுத்துதான் வரும். எது முதல் குற்றவாளி என்று தெரியாது.

அதனால் முதல் வேலை, வட்டத்தை வெட்டுவது.

இந்தப் போர்டில் இருந்தது இசட்80 ப்ராசஸர். 'பாக்மேன்' ஓடியதும் இதில்தான். அதன் மொழியில் எட்டு டேட்டா கம்பியும் 0 என்றால் "ஒண்ணும் செய்யாதே" என்று அர்த்தம். ப்ராசஸருக்கு அடியில் இன்னொரு சாக்கெட் வைத்து, எட்டு டேட்டா கால்களை மட்டும் போர்டிலிருந்து பிரித்து கிரவுண்டில் கட்டிவிட வேண்டும். இப்போது அது எந்த முகவரியைக் கேட்டாலும் ஒரே பதில்: சும்மா இரு. சரி என்று அடுத்த முகவரிக்குப் போகும். அங்கேயும், சும்மா இரு. இப்படி 0-விலிருந்து 65,535 வரை போய், மறுபடியும் 0.

3 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.09 நொடிகூட ஆகாது. சலிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வாட்ச்டாக் என்று ஒன்று இருக்கும். ப்ரோக்ராம் ஒழுங்காக ஓடவில்லை என்றால் போர்டை ரீசெட் பண்ணிவிடும் காவல்காரன். அதையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும்.

11.
இதில் ஒரு அழகு இருக்கிறது. ப்ராசஸர் வெறுமனே 0, 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போவதால், முகவரிக் கம்பிகளின் கையெழுத்து எந்த கேம், எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்தது இல்லை. இதே மாதிரி 65,536 எண்ணும் எந்த போர்டிலும் முதல் கம்பியில் 'யுயுயுயு' வர வேண்டும். ரெண்டாவதில் 5555. மூன்றாவதில் 'சிசிசிசி'.

மனப்பாடமே ஆகிவிட்டது. நார்மல் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டால் சொல்வது மாதிரி தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

12.
ஹெச்பி கருவி என்னிடம் இல்லை. தேவையும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ரெண்டு ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஐசி, ஒரு எக்ஸ்-ஆர் ஐசி, கொஞ்சம் சில்லறை சாமான் வாங்கினால் அந்த 16 பேர் பந்தியை நாமே கட்டிவிடலாம். அப்படி ஒன்று கட்டி வைத்திருக்கிறேன்.

13.
இப்போது வேட்டை.

ப்ராசஸர் காலிலேயே 16 முகவரிக் கம்பிகளையும் தொட்டேன். பதினாறும் சரி. அதாவது ப்ராசஸர் உயிரோடு இருக்கிறது, க்ளாக் ஓடுகிறது. "ப்ராசஸர் போயிடுச்சு" என்ற முதல் டயக்னோசிஸ் அங்கேயே அடிபட்டது.

அடுத்து பஃபர் ஐசிகளைத் தாண்டிப் போய்த் தொட்டேன். பதினாறும் சரி.

அடுத்து ப்ரோக்ராம் இருக்கும் ரோம் ஐசிகள். முதல் ரோம் சரி. ரெண்டாவதில் மூன்றாம் முகவரிக் கம்பி, 'சிசிசிசி' வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக ஏதேதோ வந்தது.

போர்டைத் திருப்பி, அதே கம்பியைப் பின்பக்கம் சாக்கெட்டின் காலில் தொட்டேன். 'சிசிசிசி'. திரும்ப மேலே, ரோம் ஐசியின் காலில். கன்னாபின்னா.

14.
பின்பக்கம் சரி, மேலே தப்பு. நடுவில் இருப்பது ஒரு சாக்கெட் மட்டும்தான். ஐசியைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் துளைக்குள் பச்சையாகக் களிம்பு. கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளி இருக்கும் வீடு. எங்க ஊர் உப்புக் காத்து இரும்புக் கேட்டையே தின்னும், சாக்கெட் எந்த மூலைக்கு?

சாக்கெட்டை மாற்றினேன். பழைய ரிப்பேரில் அறுந்திருந்த தடத்துக்கு ஒரு மெல்லிய கம்பி போட்டு இணைத்தேன். கேம் வந்துவிட்டது.

போர்டை விட்டு முன்னாடி பிடுங்கப்பட்ட ஐசி எல்லாம் ஒரு பையில் இருந்தது. என் டெஸ்டரில் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் நிரபராதி.

15.
இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஒரு கம்பியில் அஞ்சு ஐசி தொங்கினால், அந்தக் கம்பி கெட்டிருக்கிறது என்று கையெழுத்து சொல்லும். அஞ்சில் எது இழுத்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லாது. அதேபோல் தப்புக் கையெழுத்தில் 'கொஞ்சம் தப்பு', 'நிறைய தப்பு' கிடையாது. 'சிசிசிசி'-க்குப் பதில் 'சிசிசிஏ' வந்தால் கிட்டத்தட்ட சரி என்று அர்த்தம் இல்லை.

"இங்கே வரை நல்லது, இங்கிருந்து கெட்டது" என்ற எல்லைக்கோட்டை மட்டும்தான் அது காட்டும். ஆனால் வைத்தியத்தில் பாதி அதுதானே.

16.
முகவரிக் கம்பிகளுக்கு எல்லா போர்டிலும் ஒரே விடை. மற்ற இடங்களுக்கு அப்படி இல்லை. ரோமிலிருந்து வெளியே வரும் கம்பிகள், படம் வரையும் பகுதி, சத்தம் போடும் பகுதி, இதற்கெல்லாம் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனிக் கையெழுத்து. அந்த விடை எங்கே கிடைக்கும்?

யாராவது போர்டு நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

அட்டாரி கம்பெனி அதைச் செய்தது. சர்வீஸ் ஆட்களுக்காக 'கேட் பாக்ஸ்' என்று ஒரு சோதனைப் பெட்டியை விற்றது. அதற்குள் சிக்னேச்சர் அனலைசரும் உண்டு. சரியான கையெழுத்துகளின் அட்டவணைகளையும் கொடுத்தது. அதனால்தான் அந்தக் காலத்து அட்டாரி போர்டுகளை இன்றும் ஒருவர் உட்கார்ந்து வரிசையாகத் தொட்டுக்கொண்டே போக முடிகிறது.

நம்ம ஊர் கடைகளில் ஓடிய நகல் போர்டுகளுக்கு அட்டவணையும் இல்லை, சர்க்யூட் படமும் இல்லை. படுத்தால் படுத்ததுதான். அதே மாதிரி நன்றாக ஓடும் இன்னொரு போர்டு கிடைத்தால்தான் உண்டு.

17.
ஒரு ஆறுதல். 1997-ல் தொடங்கிய 'மேம்' என்ற இலவச மென்பொருளுக்காக, உலகம் முழுக்க ஆர்வலர்கள் பழைய கேம்களின் ரோம்களைப் படித்துச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரோமும் சரியான நகல்தானா என்று பார்க்க அவர்களும் ஒரு கையெழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் சிஆர்சி. நம்ம 16 பேர் பந்தியின் ஒன்றுவிட்ட தம்பி, 32 பேர் உட்காரும் பந்தி. போர்டுகள் எல்லாம் மக்கிப்போன பிறகும் நல்லது எது என்று சொல்ல அந்தப் பதிவு இருக்கும்.

18.
இப்போது உங்கள் பீரோவுக்கு வருகிறேன்.

இசிஜி என்பதும் ஒரு சிக்னேச்சர்தான். ஸ்டார்ட், ஸ்டாப், க்ளாக் மாதிரி, எந்த இடத்தில் எந்த லீட் ஒட்ட வேண்டும், காகிதம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இசட்80 எங்கே இருந்தாலும் 'சிசிசிசி'. மனுஷனுக்கு அப்படி எல்லாருக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. சிலருக்குப் பிறவியிலேயே வளைவு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். சிலருக்கு என்றோ வந்துபோன அட்டாக்கின் தழும்பு அப்படியே நிற்கும். அவர்களுக்கு அதுதான் 'அவர்களுடைய நார்மல்'.

நாம் எல்லாருமே அந்த நகல் போர்டு மாதிரிதான். கம்பெனி அட்டவணை கொஞ்ச தூரம்தான் உதவும். மீதிக்கு, நாம் நன்றாக இருந்தபோது எழுதி வைத்தது வேண்டும்.

19.
ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர். நெஞ்சு எரிச்சல் என்று ராத்திரி வந்தார். இசிஜியில் 'லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் ப்ளாக்'. இதயத்தின் இடது பக்கத்துக்குப் போகும் மின்சாரப் பாதையில் தடை. இது இருந்தால் ஹார்ட் அட்டாக்கின் வழக்கமான அடையாளங்களை அந்த இசிஜியில் படிப்பது கஷ்டம். நெஞ்சு வலியோடு புதிதாக வந்திருந்தால் நாங்கள் ரொம்பவே கவலைப்படுவோம்.

கேள்வி ஒன்றுதான்: இது இன்னைக்கு வந்ததா, ரொம்ப நாளாக இருக்கிறதா?

கூட வந்த மகன் போனைத் துழாவினார். ஆறு வருஷம் முன்னால் கண் ஆபரேஷனுக்கு எடுத்த இசிஜி, ஃபோட்டோவாக. அதே ப்ளாக், அதே வடிவம். அச்சு மாறவில்லை.

அதைப் பார்த்ததும் வீட்டுக்குப் போங்க என்று சொல்லிவிடவில்லை. அட்மிட் பண்ணி, சில மணி நேரம் விட்டு ரெண்டு தடவை ட்ரோப்போனின் பார்த்து, திரும்ப இசிஜி எடுத்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் அனுப்பினோம். ஆனால் அந்த ஒரு ஃபோட்டோ இல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கும். வேறு மருந்து, வேறு பில், வேறு பயம்.

20.
வட்டத்தை வெட்டுவது பற்றிச் சொன்னேன் இல்லையா. அதுவும் எங்களிடம் தினமும் வரும். பிரஷருக்கு அம்லோடிபின். அதனால் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்துக்கு யாரோ நீர் மாத்திரை எழுதுவார்கள். அதனால் யூரிக் ஆசிட் ஏறும். மூட்டு வலிக்கும். அதற்கு ஒரு மாத்திரை. இப்போது எங்கே தொட்டாலும் தப்புக் கையெழுத்து.

இந்த இடத்தில் எத்தனாவது மாத்திரையிலிருந்து எது ஆரம்பித்தது என்ற வரிசை தெரிந்தால் டாக்டர் பின்னோக்கி நடந்து போக முடியும். அதற்கும் பழைய சீட்டுகள் வேண்டும். (இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க. பேஷண்ட் ஒருவர் போன தடவை இழைக்கு அப்படித்தான் செய்தார்.)

21.
அதனால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

▪️ இசிஜி பெரும்பாலும் தெர்மல் காகிதம், பஸ் டிக்கெட் மாதிரி. வருஷம் ஆக ஆக மங்கிப்போகும். எடுத்த அன்றே வெளிச்சத்தில் வைத்து போனில் ஃபோட்டோ எடுங்க. பேர், தேதி தெரிய வேண்டும்.

▪️ பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடாதீங்க. சூட்டில் கறுத்துவிடும்.

▪️ ஆபரேஷனுக்கு முன், வேலையில் சேரும்போது, இன்ஷூரன்ஸுக்கு என்று எடுத்த டெஸ்ட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. "எல்லாம் நார்மல்" என்று வந்த ரிப்போர்ட்டுக்குத்தான் பின்னாளில் மதிப்பு அதிகம்.

▪️ கிரியாட்டினின் மாதிரி எண்களை ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. இன்றைக்கு 1.3 என்பது ஒருவருக்கு வழக்கமான அளவாக இருக்கலாம். போன வருஷம் 0.7 இருந்தவருக்கு அது எச்சரிக்கை மணி.

▪️ மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைங்க. மருந்தை மாற்றினால் ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரி எழுதி வைங்க.

▪️ அப்பா அம்மாவின் இசிஜி ஃபோட்டோவைப் பிள்ளைகள் போனிலும் வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பீரோ சாவி கிடைக்காது.

22.
ரெண்டு எச்சரிக்கை.

இதைப் படித்துவிட்டு ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் எல்லாம் கிளம்பிப்போய் இசிஜி எடுக்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்ததைத் தொலைக்காதீங்க என்றுதான் சொல்கிறேன்.

நெஞ்சு வலி வந்தால் பழைய இசிஜியைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, 108-ஐக் கூப்பிடுங்க. ஃபோட்டோ வழியில் வந்து சேரட்டும்.

23.
கேம் போர்டு வைத்திருப்பவர்கள் யாராவது இந்த இழையில் இருந்தால் உங்களுக்கும் அதே வேண்டுகோள்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையெழுத்து அட்டவணை எடுத்து வைங்க. ரோமைப் படித்து ஒரு காப்பி வைங்க. படுத்த பிறகு எடுக்க முடியாது. கடலோரத்தில் இருந்தால் சாக்கெட்டை முதலில் பாருங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. போர்டா, இசிஜியா என்று மட்டும் முதல் வரியில் போட்டுடுங்க. ரெண்டுக்கும் பதில் வரும், இசிஜிக்கு முதலில்.

இழை முடிந்தது. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு 21-ஐ மட்டுமாவது அனுப்புங்க.